தலையாட்டியவருக்கு மாட்டிய காது மெஷின்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் எனக்கு டீயும் சமோசாவும் வாங்கி வைத்து, "மேடம், உங்க அனுபவத்தச் சொல்லுங்க" என்று வட்டமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். சாதனைக் கதை எதிர்பார்க்கிறீர்கள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சமோசாவைச் சாப்பிடுகிறேன்; சாதனை ஒன்றும் கிடையாது. காதைச் சோதிப்பது, கருவியைக் கம்ப்யூட்டரில் சரிசெய்வது எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் சேர்ந்த காலத்தில் கருவியின் முதுகில் இருந்த துளியூண்டு திருகை ஸ்க்ரூடிரைவரால் திருப்பிக்கொண்டிருந்தோம். உங்கள் கருவி போனோடு பேசுகிறது. ஆனால் அன்றைக்கும் இன்றைக்கும் அதைக் காதுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவது ஒரு மனிதர். அவர் வீட்டில் அதை என்ன பாடுபடுத்துகிறார் என்று யோசிக்காமலே பதினெட்டு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அந்தக் கூத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

அவர் பெயரை அந்தோணிசாமி என்று வைத்துக்கொள்வோம். பாண்டிச்சேரியில் முதலியார்பேட்டைக்காரர். மில்லில் தறி ஓட்டியவர். முப்பது வருடத் தறிச் சத்தம் இடது காதை முழுதாகச் சாப்பிட்டுவிட்டது. வலது காதில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தது. மனைவி இல்லை. ஒரே மகள் செலின், பாண்டிச்சேரியிலேயே மேட்டுப்பாளையத்தில் ஒரு மாத்திரை கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. ஷிப்ட் வேலை. அவள்தான் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிவந்தாள். கூட்டிவந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது, சட்டைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். "மேடம், எங்கப்பாவுக்குக் காது கேக்கல. அதுகூடப் பரவால்ல. கேக்கலன்னு வாயத் தொறந்து சொல்லவே மாட்டாரு. யாரு எதக் கேட்டாலும் சிரிச்சிக்கினே தலையாட்டிடுவாரு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

"பாத்தீங்களா!" என்றாள் செலின். "போன வருசம் எனக்கு ஒரு எடம் வந்துது. பொண்ணு கல்யாணத்துக்கப்புறம் வேலைய வுட்டுடுமில்லன்னு கேட்டிருக்காங்க. தலையாட்டிட்டாரு. தனிக்குடித்தனம்லாம் கெடையாதுன்னிருக்காங்க. அதுக்கும் ஆட்டிட்டாரு. நான் டீ போட்டு எடுத்தாறதுக்குள்ள என் வாழ்க்கையே முடிஞ்சிபோச்சி மேடம். அவங்க போயி சாமியாருகிட்ட ஓலை வாசிக்க நாளு கேட்டுட்டாங்க."

ஓலை என்றால் கல்யாண அறிவிப்பு. மாதா கோயிலில் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் எல்லாருக்கும் முன்னால் வாசிப்பார். அது வரைக்கும் போன சம்பந்தத்தை வேண்டாம் என்று நிறுத்தியதில், செலினுக்குத் திமிர் பிடித்தவள் என்று பங்கு முழுக்க, அதாவது அந்தக் கோயில் சனம் முழுக்க, பேர்.

"இப்ப இன்னொரு எடம்" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆரியாங்குப்பம். பேரு லூர்து. வாத்தியாரு. எனக்கு அவரப் புடிச்சிருக்கு. ஆனா அவங்க வீட்டுல பேச்செல்லாம் அவரோட தாய்மாமன்தான் பேசுவாராம். அஞ்சு வாரத்துல வர்றாங்க. நான் நடுவுல பூந்து பேசுனா பழைய பேருதான் மறுபடியும். அப்பாதான் பேசணும். வேலைய நான் வுடமாட்டேன் மேடம். வாத்தியாரையும் வுட மனசில்ல. அன்னிக்கி மட்டும் எங்கப்பா தலையாட்டாம இருக்கணும்."

இவ்வளவு தெளிவாக ஒரு நோயை எந்த டாக்டரும் எனக்கு எழுதி அனுப்பியதில்லை. கேட்டுக்கொண்டேன், பெரிய மனுஷி மாதிரி. சோதனை செய்தேன், காதுக்குள் உட்காரும் மோல்டுக்கு அளவெடுத்தேன். நாலு நாளில் அது தயாரானதும் வரச்சொல்லி, வலது காதுக்குப் பின்னால் கருவியை என் கையாலேயே மாட்டினேன். அரை நிமிடம் ஆகவில்லை. மின்விசிறிச் சத்தம் கேட்டதும் மனிதர் மேலே பார்த்தார். வெளியில் யாரோ செருப்பை இழுத்துக்கொண்டு நடந்ததைக் கேட்டு, "காலத் தூக்கி நடக்க மாட்டானா" என்று கோபித்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்புறம் கைப்பழக்கம் சொல்லிக்கொடுத்தேன். கருவியை இப்படிப் பிடிக்கணும், மோல்டை இப்படித் திருப்பணும், ராத்திரி கழற்றி பேட்டரி கதவைத் திறந்து வைக்கணும், குளிக்கும்போது போடக்கூடாது. பேட்டரி என்பது சட்டைப் பொத்தான் அளவு வில்லை. மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதைப் பிரித்துக் காற்றுப் பட்டால்தான் அதற்கு உயிர் வரும். "ஸ்டிக்கரப் பிரிங்க, ஒரு நிமிஷம் காத்து வாங்க வுடுங்க, அப்புறம் மாட்டுங்க. புரிஞ்சுதாய்யா?"

தலையாட்டினார்.

"நீங்களே தனியா மாட்டிக்குவீங்களா?"

தலையாட்டினார். சிரிப்பு வேறு.

படிவத்தில் 'பயன்படுத்தும் முறை விளக்கப்பட்டது, புரிந்துகொண்டார்' என்ற இடத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். அந்த மனிதர் எதற்கும் தலையாட்டுவார் என்பதுதான் வந்த வியாதியே. அந்த வியாதியை அத்தாட்சியாக வைத்து டிக் அடித்தவள் நான். அப்போது எனக்குத் துளிகூட உறைக்கவில்லை. முன்மேசையில் ஓர் அக்கா இருந்தார். டோக்கன் கொடுப்பார், எட்டாவதுவரை படித்தவர். அவருக்கு உறைத்தது. "ஏம்மா, எல்லாத்தையும் நீங்களே மாட்டி வுடுறீங்க. நாளைக்கி வீட்டுல நீங்களா போயி மாட்டுவீங்க?" என்று கேட்டார். வெளியே நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். நான் கோபக்காரி, இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு அவர் தனியாக வந்தார். கருவி காதில் இல்லை, சட்டைப் பையில் டப்பாவோடு பத்திரமாக இருந்தது. "எல்லாம் சரியா இருக்கா?" என்று கத்தினேன். தலையாட்டினார். 'நன்று' என்று எழுதினேன். எனக்கு என்ன வைத்தியம் செய்வது, சொல்லுங்கள்.

பெண் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலை பத்து மணிக்கு நான் வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். போன். செலின் அழுகிறாளா கத்துகிறாளா என்று பிரிக்க முடியவில்லை.

"மேடம், மெஷின் செத்துப்போச்சி! பேட்டரி மாத்திப் பாத்துட்டேன், அதுவும் செத்துப்போச்சி. ஆறும் செத்துப்போச்சி!"

"ஆறு எப்படிம்மா சாகும்? ஒண்ணே பத்து நாள் வருமே?"

"ஸ்டிக்கரப் பிரிக்கச் சொன்னீங்களாமே! வந்த அன்னிக்கே ஆறையும் பிரிச்சிட்டாரு. பிரிச்சத வீணாக்காம மாதா காலண்டர்ல வரிசையா ஒட்டி வச்சிருக்காரு. இன்னிக்கித்தான் பாக்கறேன்!"

நாலு வாரத்துக்கு மேல் பேட்டரிகள் டப்பாவுக்குள் சும்மாவே காற்று வாங்கி, பாண்டிச்சேரி ஈரத்தில் ஒவ்வொன்றாகப் பிராணனை விட்டிருக்கின்றன. சனி ஞாயிறு லீவில் செலின் கோயிலுக்குக் கிளம்பும்போது மாட்டிவிட்டிருக்கிறாள். மற்ற நாள் அவள் ஷிப்டுக்குப் போனதும் அவரால் தனியாக மாட்ட முடியவில்லை. முடியவில்லை என்று சொல்லவும் இல்லை. ஒவ்வொன்றாகப் பிரியுங்கள் என்று நான் சொல்லவே இல்லையே! ஒரு தடவை அவர் கையால் பிரிக்கவைத்துப் பார்த்திருந்தால் போதும்.

"எத்தன மணிக்கு வர்றாங்க?"

"பதினோரு மணி."

மீனைப் பூனைக்கு விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். கிளினிக்கைத் திறந்து பேட்டரி அட்டையை எடுத்துக்கொண்டு திரும்பினால், காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை சந்தை. ஜட்டி, பனியன், பிளாஸ்டிக் வாளி, பழைய ஜீன்ஸ், எல்லாவற்றுக்கும் நடுவில் என் ஸ்கூட்டர். ஹாரனை அழுத்தி அழுத்தி எனக்கே காது போய்விடும் போலிருந்தது.

முதலியார்பேட்டை வீட்டு வாசலில் போய் நின்றபோது பத்தே முக்கால். வாசல் நிறைய செருப்பு. சீக்கிரமே வந்துவிட்டார்கள். நான் வாயைத் திறக்கும்முன் செலின் பாய்ந்துவந்து என் கையைப் பிடித்தாள்.

"சித்தி! வாங்க சித்தி!"

யாரைக் கூப்பிடுகிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். கையைக் கிள்ளினாள். காது மெஷின் விஷயத்தை அவர்களிடம் சொல்லவில்லை. செவிடன் வீட்டில் பெண் எடுத்ததாகச் சொல்வார்கள் என்று அந்தோணிசாமி பிடிவாதமாக மறைக்கச் சொல்லியிருந்தார். ஆகவே நான் அவள் செத்துப்போன அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை. உறவு பிறந்து அரை நிமிடம் ஆகியிருந்தது.

உள்ளே அந்தோணிசாமி வெள்ளை வேட்டியில் நின்று, வெயில் அதிகம் என்றவருக்கும் பஸ் கூட்டம் என்றவருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். இன்னும் ஆபத்தான கேள்வி எதுவும் வரவில்லை. "அப்பா, சித்தி ஒங்க மாத்திர வாங்கியாந்திருக்காங்க, உள்ள போயி போட்டுக்கினு வாங்க" என்று செலின் சைகையோடு சொன்னாள். பேட்டரி அட்டையை அவர் உள்ளங்கையில் திணித்து, ஒரு விரலைக் காட்டினேன். ஸ்டிக்கர் ஒன்று. நிமிடம் ஒன்று. அவர் உள்ளறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போய் என் கையால் மாட்டிவிட்டு வந்துவிடுவதாகத் திட்டம். லூர்துவின் அம்மா விடவில்லை.

"பொண்ணுக்குச் சித்தியாமே, இப்டி ஒக்காரும்மா" என்று என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, தொடையில் கையை வைத்துக்கொண்டார். எழுந்திருக்க வழியில்லை. "எந்தப் பங்கு நீங்க?"

நான் கோயிலுக்குப் போனால் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவள். "நெல்லித்தோப்புங்க" என்றேன்.

"அப்படியா! அங்க இப்ப எந்தச் சாமியாரு?"

"இப்பத்தான் மாத்தி… புதுசா வந்திருக்காரு. நல்ல மனுசன்."

அந்த நேரம் உள்ளறையிலிருந்து ஒரு சத்தம். வீஈஈஈ! மோல்டு சரியாக உட்காரவில்லையென்றால் இந்தக் கருவி இப்படித்தான் விசிலடிக்கும். ஊருக்கே கேட்கும், போட்டிருப்பவருக்கு மட்டும் கேட்காது. அதுதான் இதில் உள்ள கொடுமை.

"குக்கரா?" என்றார் லூர்துவின் அம்மா.

"ஆமாங்க, கறி வைக்கிறாங்க."

வீஈஈ! நின்றது. வீஈஈஈ! நின்றது. வீ!

"இன்னாம்மா இது, இத்தினி விசிலு வுட்டா கறி கூழாப் பூடுமே. போயி நிறுத்தச் சொல்லும்மா!"

நான் எழுந்தேன். "நீ ஒக்காரு, பொண்ணு பாத்துக்கும்" என்று அவரே திரும்ப உட்காரவைத்தார். என் கை இரண்டும் துடித்தன. முப்பது நொடி வேலை! ஐந்தாவது விசில், ஆறாவது விசில். அப்புறம் சத்தமில்லை. கழற்றி எறிந்துவிட்டாரா, சரியாக மாட்டிவிட்டாரா?

அந்தோணிசாமி வெளியே வந்தார். வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கழுத்தை எக்கிப் பார்த்தேன். கருவி காதுக்குப் பின்னால் ஒழுங்காக இருந்தது, மோல்டு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. என் உதவியே இல்லாமல்! எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது. சித்தி எதற்குக் கைதட்டுகிறாள் என்று கேட்பார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

காபி வந்தது. மிக்சர் வந்தது. தாய்மாமன் தொண்டையைக் கனைத்தார். பெரிய மீசை, தாழ்ந்த குரல். மீசைக்குப் பின்னால் உதடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. போகிறபோக்கில் சொல்வதுபோல, மிக்சரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அப்புறம், கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு வேலைய வுட்டுடுமில்ல? நம்ம குடும்பத்துல அதெல்லாம் பழக்கமில்ல."

சமையலறைக் கதவோரம் செலினின் முகம் வெளுத்துப்போயிற்று. அந்தோணிசாமியின் முகத்தில் அதே பழைய சிரிப்பு. தலை மெதுவாகக் கீழே இறங்கியது. போச்சு, எல்லாம் போச்சு என்று என் பிள்ளையாரையும் அவர்கள் மாதாவையும் ஒன்றாகவே கூப்பிட்டேன்.

இறங்கிய தலை மேலே வரவில்லை. அவர் குனிந்து காதிலிருந்து கருவியைக் கழற்றிக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் முன்னால். கழற்றி, உள்ளங்கையில் வைத்து நீட்டிக் காட்டினார்.

"ஒரு நிமிசம் பொறுத்துக்குங்க. எனக்குக் காது கேக்காது. மெஷினு போட்டிருக்கேன். பேட்டரி பூடுச்சி."

நகத்தால் பேட்டரிக் கதவைத் திறந்தார். பழைய வில்லையைச் சட்டைப் பையில் போட்டார். அட்டையிலிருந்து ஒரு வில்லை எடுத்தார். ஒரே ஒரு ஸ்டிக்கரைப் பிரித்தார். வில்லையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

பத்து பேர் உட்கார்ந்து ஒரு வில்லை காற்று வாங்குவதைப் பார்ப்பது எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கு மானமே போயிற்று. நான் கொண்டுவந்த புதுப் பேட்டரி பத்து நிமிடத்தில் செத்துவிட்டதே, என்ன சரக்கை வாங்கி வைத்திருக்கிறேன்! ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் வேறொன்று நடந்தது. லூர்து மாமனைத் திரும்பிப் பார்த்தார். "மாமா, இத யாரு கேக்கச் சொன்னது?"

"அதான? வேலைய வுடணும்னு நாம பேசவே இல்லியேண்ணே" என்றார் அம்மா.

"சும்மா ஒரு பேச்சுக்குடா" என்றார் மாமன். கை மீசைக்குப் போயிற்று.

நிமிடம் முடிந்தது. அந்தோணிசாமி பேட்டரியை மாட்டினார், கருவியைக் காதுக்குப் பின்னால் தொங்கவிட்டார், மோல்டைத் திருப்பி அழுத்தினார். ஒரு விசில் இல்லை. நிமிர்ந்து, மீசைக்காரரை நேராகப் பார்த்தார்.

"இப்ப சொல்லுங்க. என்னமோ கேட்டீங்களே?"

எல்லாரும் மாமனையே பார்த்துக்கொண்டிருந்தோம். "அது… பொண்ணு ஆரியாங்குப்பத்துலேருந்து வேலைக்கிப் போவ வர பஸ்ஸு வசதி எப்டின்னு கேட்டேன்."

"கம்பெனி வண்டி அங்க வரைக்கும் வருதுங்க, விசாரிச்சிட்டேன். என்னா ஒண்ணு, காலையில அஞ்சரைக்கே கெளம்பணும். மாப்ளதான் எழுந்து டீ போட்டுக் குடுக்கணும்."

"போட்டுடலாங்க" என்றார் லூர்து. கூடம் சிரித்தது. சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. லூர்துவின் அம்மா என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். "ஏம்மா சித்தி, அப்ப அது குக்கரு இல்லியா?"

அவர்கள் போனபிறகு கிளம்பினேன். அந்தோணிசாமி ஸ்கூட்டர் வரைக்கும் வந்தார். நான் தலை குனிந்துகொண்டு சொன்னேன்: "மன்னிச்சுக்குங்கய்யா. புதுப் பேட்டரிதான் குடுத்தேன். எப்படிப் போச்சுன்னே தெரியல."

அவர் சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய வில்லையை எடுத்து என் கையில் வைத்தார்.

"இது நல்லாத்தான் இருக்குது டாக்டரம்மா. அந்த ஆளு கேட்டது மொதத் தடவையே காதுல பளிச்சுன்னு வுழுந்துது."

"அப்புறம் எதுக்குக் கழட்டினீங்க?"

"வுழுந்ததுதான் வெனையாப் போச்சி. போன தடவ வேற வீட்டுக்காரன் இதத்தான் கேட்டிருக்கான், எனக்கு வுழாம நான் தலையாட்டியிருக்கேன். எம்மவ அழுததுக்கு இன்னிக்கித்தான் காரணமே புரிஞ்சிது. மில்லுல வேல செஞ்சவன் வாய்மா இது. தொறந்திருந்தா அந்த ஆளு மீச அவங்கிட்ட இருக்காது, சம்பந்தமும் இருக்காது. மெஷினக் கழட்டுனா கொஞ்சம் அமைதியா இருக்கும். எனக்கும் கோவம் ஆறும், அந்த ஆளும் இன்னொரு வாட்டி அத வாயத் தொறந்து கேட்டுப் பாக்கட்டும்னு கழட்டுனேன்."

நடுத்தெருவில் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு அழுதேன், வெட்கமில்லாமல். சிரிப்பும் வந்தது. காதில் எப்படி மாட்டுவது என்று அவருக்குச் சொல்லித்தராத நான், எப்போது கழற்றுவது என்று அவரிடம் கற்றுக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை முன்மேசை அக்காவுக்கு ஒரு கிலோ ஸ்வீட் வாங்கிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டேன். அதற்கப்புறம் நான் ஓய்வுபெறும்வரை, பேஷண்ட் முதல்முறை கருவியை மாட்டும்போது என் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். விசிலடிக்கட்டும், கீழே விழட்டும், வெளியே பத்து பேர் காத்திருக்கட்டும். அவர் கையால் மூன்று முறை மாட்டி, மூன்று முறை கழற்றி, பேட்டரியும் மாற்றிக் காட்டினால்தான் படிவத்தில் டிக். தலையாட்டலுக்கு டிக் கிடையாது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். முதலாளி நேரமாகிறது என்றால் என் பேரைச் சொல்லுங்கள்.

செலின் இப்போது அதே கம்பெனியில் ஷிப்ட் இன்சார்ஜ். அவள் கல்யாண போட்டோவில் சித்தியாக நான் முன்வரிசையில் நிற்கிறேன். அந்தோணிசாமி யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் உண்மையை அவளிடம் நான் சொல்லவில்லை. இன்றைக்கும் என்னை எங்கே பார்த்தாலும், தன் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்த அந்தப் பேட்டரியைப் பத்து நிமிடம் திட்டிவிட்டுத்தான் போகிறாள். பக்கத்தில் அவள் அப்பா கருவியைப் போட்டுக்கொண்டு, அத்தனையையும் கேட்டுக்கொண்டு நிற்கிறார்.